நேரடி விமானமா, இணைப்பு விமானமா: கட்டணத்தை எடைபோடும் முறை

முதன்முறையாக விமானச் சீட்டு வாங்க உட்காருகிறவருக்குத் தேடல் பக்கம் ஒரு நீண்ட பட்டியலைக் காட்டும். மேலே நிற்பது மிகக் குறைந்த கட்டணம். அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘1 நிறுத்தம், 17 மணி நேரம்’ என்றிருக்கும். ஏழெட்டு வரி கீழே இறங்கினால், ஒன்பதே மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் நேரடி விமானம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலையில் இருக்கும். இந்த இரண்டில் எது உண்மையில் மலிவு என்பதை அந்த இரு எண்களை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பெட்டிக் கட்டணம், காத்திருப்பு, விசா என்று பலவும் கணக்கில் வரும். ஆனால் அவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: வழியில் இணைப்பு தவறிப்போனால் அந்தச் செலவு யார் தலையில் விழும்? இதற்கு விடை தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

முதலில் சில சொற்கள்

பேச்சு வழக்கில் ‘நேரடி விமானம்’ என்றால் ஏறிய இடத்திலிருந்து இறங்கும் இடம்வரை எங்கும் தரையிறங்காமல் போவது என்றே புரிந்துகொள்கிறோம். விமானத் துறையில் அதற்கு ‘நான்-ஸ்டாப்’ என்று பெயர். ‘டைரக்ட்’ என்று அவர்கள் சொல்வது ஒரே விமான எண்ணில் போகும் பயணத்தை. அது இடையில் ஓரிடத்தில் இறங்கி, ஆளை ஏற்றி இறக்கிவிட்டுப் புறப்படலாம், சில சமயம் விமானமே கூட மாறலாம். ஆகவே தேடும்போது ‘நிறுத்தம் இல்லை’ என்ற வடிகட்டியைப் பயன்படுத்துவதே சரி. இக்கட்டுரையில் நேரடி விமானம் என்பதை அந்தப் பொருளிலேயே வழங்குகிறேன்.

இணைப்பு விமானத்தில் இடையில் காத்திருக்கும் நேரத்தை லேஓவர் என்கிறார்கள். சர்வதேசப் பயணத்தில் அது 24 மணி நேரத்தைத் தாண்டினால் பொதுவாக ‘ஸ்டாப்ஓவர்’ ஆகிவிடும். கட்டண விதியும் மாறக்கூடும். சில நிறுவனங்கள் இதையே ஒரு சலுகையாகத் தருகின்றன. அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணிகளைக் கூடுதல் விமானக் கட்டணம் இல்லாமல் ஐஸ்லாந்தில் சில நாள் தங்கிப்போக ஐஸ்லாந்தேர் அனுமதிப்பது பலரும் அறிந்ததே.

இரண்டு முறை விண்ணில் ஏறி, இரண்டு முறை தரையிறங்கி, அதிக எரிபொருள் செலவழித்துப் போகும் பயணம் ஏன் மலிவாக இருக்கிறது என்ற சந்தேகம் இயல்பானது. விமானக் கட்டணம் தூரத்தை மட்டும் பொறுத்து அமைவதில்லை. இரண்டு ஊர்களுக்கிடையே விமான நிறுவனங்களுக்குள் உள்ள போட்டியைப் பெரிதும் பொறுத்து அமைகிறது. நேரடி விமானம் ஓட்டும் நிறுவனம், நேரம் முக்கியம் என்று கருதும் பயணியிடம் அந்த வசதிக்காக அதிகம் கேட்கிறது. தன் விமானங்களெல்லாம் கூடிப் பிரியும் மைய விமான நிலையத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும் நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லாததால், விலையைக் குறைத்தால்தான் ஆள் கிடைக்கும். காலியாகப் பறக்கும் இருக்கையைப் பிறகு விற்க முடியாது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

தேடுவது எப்படி

கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர், கயாக் போன்றவை கட்டணங்களைத் திரட்டிக் காட்டும் தேடுதளங்கள். பணம் கட்டும் இடம் பெரும்பாலும் வேறாக இருக்கும். அவற்றில் குறைந்தது இரண்டைப் பாருங்கள். தேதியில் இரண்டு மூன்று நாள் தளர்வு இருந்தால் மாதம் முழுவதும் காட்டும் நாள்காட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. சில சமயம் ஒரு நாள் தள்ளினாலே நேரடி விமானத்துக்கும் இணைப்புக்கும் உள்ள வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிடும், பிறகு இந்தக் கட்டுரையின் மீதியே தேவைப்படாது.

குடும்பமாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. ஒரே வகுப்பில் உள்ள இருக்கைகளையே நிறுவனங்கள் பல கட்டண அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தைக் குறியாக வைத்திருக்கின்றன. மலிவான அடுக்கில் இரண்டே இருக்கை மிச்சமிருக்கும்போது நீங்கள் நான்கு பேருக்கென்று தேடினால், நால்வருக்கும் இடமுள்ள அடுத்த அடுக்கின் விலையையே நால்வருக்கும் காட்டும். ஆகையால் முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு, பிறகு நால்வருக்கு என்று தேடிப் பாருங்கள். ஒருவருக்கான விலை குறைவாக இருந்தால் இரண்டிரண்டு பேராகப் பிரித்து வாங்கலாம். ஆனால் அப்போது முன்பதிவுகள் தனித்தனியாகிவிடும். விமானம் ரத்தானால் குடும்பம் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு விமானங்களில் ஏற்றப்படக்கூடும். சிறு குழந்தைகள் இருந்தால் நான் இதைச் செய்ய மாட்டேன்.

தேடல் முடிவைப் படிக்கும்போது கண் தவறும் இடங்கள் இரண்டு. வந்துசேரும் நேரத்தின் ஓரத்தில் தொற்றிக்கொண்டிருக்கும் சிறிய ‘+1’, நீங்கள் சேர்வது மறுநாள் என்பதைக் குறிக்கும். அதைக் கவனிக்காமல் விடுதிக்கு ஒரு நாள் வாடகையை வீணாகக் கட்டியவர்கள் பலர். இன்னொன்று விமான நிலையத்தின் பெயர். லண்டன் என்று போட்டிருந்தாலும் ஹீத்ரோவில் இறங்கிக் கேட்விக்கில் ஏற வேண்டியிருக்கலாம். டோக்கியோவில் நரிட்டாவும் ஹனேடாவும், பாங்காக்கில் சுவர்ணபூமியும் டான் மியூயாங்கும், இஸ்தான்புல்லில் புதிய நிலையமும் சபிஹா கோக்செனும் அப்படித்தான். ‘பாரிஸ்’ என்று விற்கப்படும் போவே நிலையமோ நகரத்திலிருந்து சாலை வழியாகச் சுமார் 85 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

ஒரே தட்டில் வைத்து நிறுத்துப் பாருங்கள்

இனிக் கணக்கு. எந்த நாட்டுப் பணமானாலும் பொருந்தும்படி, நேரடி விமானத்தின் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பெட்டியும் உணவும் அடக்கம். இணைப்பு விமானம் 70. மிச்சம் 30 என்று மனம் உடனே சொல்லிவிடும். ஆனால் அந்த 70 பெட்டி இல்லாத அடிப்படைக் கட்டணம். ஒரு பெட்டிக்கு 8 சேர்த்தால் 78. குடும்பத்தோடு பக்கத்தில் உட்கார இருக்கை தேர்வுக்கு 3, இடையில் ஏழு மணி நேரம் காத்திருக்கும்போது விமான நிலைய விலையில் சாப்பாட்டுக்கு 3, நள்ளிரவு இரண்டு மணிக்கு இறங்கும்போது ரயிலும் பேருந்தும் ஓடாததால் டாக்சிக்கு 5. இப்போது அது 89 ஆகிவிட்டது. மிச்சம் 11 மட்டுமே.

பயண நேரத்தின் வித்தியாசம் 8 மணி நேரம். அந்த 11-ஐ எட்டால் வகுத்தால் வருவது, உங்கள் ஒரு மணி நேரத்தை எவ்வளவுக்கு விற்கிறீர்கள் என்ற எண். அந்த எண்ணை உங்கள் பணத்தில் எழுதிப் பார்த்து, ‘இவ்வளவு கொடுத்தால் ஒரு மணி நேரம் விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பேனா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாணவர் ஒருவர் உட்காருவார். இரண்டு வயதுக் குழந்தையோடு போகும் தாய் உட்கார மாட்டார். இரண்டு விடையும் சரிதான். ஆனால் நால்வர் போகும்போது வித்தியாசமும் நான்கு மடங்காகிறது என்பதை மறக்க வேண்டாம். தனி ஆளாகப் போகையில் பொருட்டாகத் தெரியாத தொகை, குடும்பத்துக்கு ஒரு வாரத் தங்குமிடச் செலவாக வளர்ந்து நிற்கும்.

பெட்டியின் எடை விதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். இரு பகுதிகளையும் வெவ்வேறு நிறுவனங்கள் ஓட்டும்போது கைப்பெட்டியின் அளவும் எடையும் மாறலாம். முதல் விமானத்தில் உள்ளே கொண்டுபோன பெட்டியை இரண்டாவது விமானத்தின் வாசலில் தடுத்துக் கட்டணம் கேட்பதுண்டு. வேறு நாட்டுப் பணத்தில் விலை சொல்லும் தளத்தில் வாங்கினால், வங்கி அட்டை பிடித்துக்கொள்ளும் மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சீட்டா, இரண்டு சீட்டா

இந்த விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏமாற்றுகிறவர் என்று யாரையும் காட்டவும் முடியாது. தேடுதளம் இரண்டு விமானங்களை ஒரே வரியில் சேர்த்துக் காட்டுவதால் அது ஒரே பயணம் போலத் தோன்றும். உண்மையில் அது இரு வகைப்படும். ஒன்று, இரு பகுதிகளும் ஒரே பயணச்சீட்டில் இருப்பது. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், உங்களை ஊர்போய்ச் சேர்க்கும் பொறுப்பு நிறுவனத்தினுடையது. அடுத்த விமானத்தில் இடம் கொடுப்பார்கள், பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊர்வரை தானாகப் போகும். மற்றொன்று, தனித்தனியாக வாங்கிய இரு சீட்டுகளை அடுத்தடுத்து ஒட்டிவைத்தது. இதைத் தளங்கள் ‘சுய இணைப்பு’ என்று ஏதோ ஒரு மூலையில் குறிப்பிடும். இங்கே இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். முதல் விமானம் ஏன் தாமதமானது என்பது அவர்களுக்குத் தேவையில்லாத கதை.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பணம் கட்டியபின் வரும் மின்சீட்டில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் சீட்டை வழங்கிய நிறுவனத்தைக் குறிக்கும். 176 என்றால் எமிரேட்ஸ், 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 098 என்றால் ஏர் இந்தியா. இரண்டு விமானங்களும் ஒரே 13 இலக்க எண்ணின் கீழ் இருந்தால் அது ஒரே சீட்டு. இரண்டையும் இரு நிறுவனங்கள் ஓட்டினாலும் அப்படியே. வெறும் ஆறெழுத்து முன்பதிவுக் குறியை மட்டும் நம்ப வேண்டாம், ஏனென்றால் சில முகவர் தளங்கள் இரு சீட்டுகளுக்கும் சேர்த்துத் தங்கள் சொந்தக் குறி ஒன்றைத் தருவதுண்டு. பணம் கட்டுமுன் தெரிந்துகொள்ள விரும்பினால், அதே தேதிக்கு அதே பயணத்தை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் தேடுங்கள். அங்கே முழுப் பயணமும் ஒரே விலையில் வந்தால் கவலையில்லை.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருமுறை இரு தனிச் சீட்டுகளை வாங்கி, இடையில் 3 மணி 10 நிமிடம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். முதல் விமானம் 50 நிமிடம் தாமதம். பெட்டி நேரே போகாது என்பதால் குடிவரவு வரிசையில் நின்று நாட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தது. அதற்கு 35 நிமிடம். பெல்ட்டில் பெட்டி வர அரை மணி. அடுத்த முனையத்துக்குப் பேருந்து பிடித்துப் போய்ச் சேர 20 நிமிடம். கவுன்ட்டரை அடைந்தபோது விமானம் புறப்பட 55 நிமிடம் இருந்தது. 60 நிமிடத்துக்கு முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவது அவர்கள் விதி. அங்கே நின்ற பெண் மரியாதையாகவே பேசினார், ஆனால் திரையை எனக்குத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று ஏற்கெனவே ஏறியிருந்தது. அன்று வாங்கிய புதுச் சீட்டு, நான் மிச்சப்படுத்தியதைப் போல இரண்டு மடங்கு. நேரடி விமானத்திலேயே போயிருக்கலாம்.

இதனால் சுய இணைப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. பெட்டி எதுவும் அனுப்பாமல் கைப்பையோடு மட்டும் போகிறவர், இடையில் ஓர் இரவு தங்கிப் போகிறவர், தவறினால் மறுநாள் போனாலும் பாதகமில்லாதவர் தாராளமாக எடுக்கலாம். திருமணத்துக்கோ தேர்வுக்கோ நேர்காணலுக்கோ போகிறவர் தொடக்கூடாது.

எவ்வளவு இடைவெளி போதும்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரே சீட்டாக விற்கும்போது அதற்குக் குறைவான இடைவெளியை முறைமை அனுமதிக்காது. வியன்னாவில் அது 25 நிமிடம்வரைகூட இருக்கிறது. ஆனால் அது எல்லாம் ஒழுங்காக நடந்தால் போதுமான நேரமே தவிர, வசதியான நேரம் அன்று. ஒரே சீட்டில் சர்வதேசப் பயணத்துக்கு இரண்டு முதல் மூன்றரை மணி நேரம் எனக்குச் சரியாகப்படுகிறது. முதியவரோ சக்கர நாற்காலி தேவைப்படுகிறவரோ உடன் வந்தால் மூன்றுக்குக் கீழே இறங்க மாட்டேன். சுய இணைப்பென்றால் ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும்.

நிமிடக் கணக்கைவிட முக்கியமானது, அந்த இணைப்பைத் தவறவிட்டால் அடுத்த விமானம் எப்போது என்பது. நாளொன்றுக்கு ஐந்து விமானங்கள் போகும் தடத்தில் ஒன்றரை மணி நேர இடைவெளிகூட அவ்வளவு ஆபத்தில்லை. வாரத்துக்கு மூன்றே விமானங்கள் போகும் தடத்தில் மூன்று மணி நேரமும் துணிச்சல்தான். முடிந்தவரை அன்றைய கடைசி விமானத்தை இணைப்பாக வைத்துக்கொள்ளாதீர்கள். தாமதம் பகல் முழுவதும் சேர்ந்து சேர்ந்து மாலையில் பெருகும் தன்மையுடையது. முதல் பகுதி காலையில் புறப்படுவதாக இருந்தால் நல்லது.

இடைவழி நாட்டின் விசா

இறங்கி ஏறுவதற்கு மட்டும் எதற்கு விசா என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் பொதுவாக, வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்குகிறவர்களும் குடிவரவுச் சோதனையைக் கடந்தே ஆக வேண்டும். அதற்குரிய விசாவோ அனுமதியோ இல்லாவிட்டால் புறப்படும் இடத்திலேயே ஏற்ற மாட்டார்கள். தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் ஒரே நிலையத்தில் இறங்கிச் சர்வதேசப் பகுதியைவிட்டு வெளியேறாமல் ஏறுவது ஒன்று. பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, மாட்ரிட் போய், அங்கிருந்து வேறு கண்டத்துக்குப் போவது வேறொன்று. பின்னதில் பிராங்க்ஃபர்ட்டிலேயே ஷெங்கனுக்குள் நுழைந்துவிடுகிறீர்கள், ஆகவே விசா தேவைப்படுகிறவர்களுக்கு முழு விசாவே வேண்டும். இலங்கை, வங்கதேசம், நைஜீரியா உள்ளிட்ட சில நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, வெளியே வராமல் மாறிச் செல்வதற்கும் ஷெங்கன் விமான நிலைய இடைவழி விசா தேவை. சில நாடுகளின் விசாவோ குடியிருப்பு உரிமையோ இருந்தால் விலக்கு உண்டு. சுய இணைப்பில் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருப்பதால், எந்த நாடானாலும் நுழைவு விசாவைப் பற்றி யோசித்தாக வேண்டும். அந்த விசாக் கட்டணத்தையும் மேலே சொன்ன 89-இல் சேர்த்தால், நேரடி விமானம் மலிவாகவே ஆகிவிடுவதும் உண்டு.

எப்போது இணைப்பே மேல்

மிக நீண்ட தூரத்தில் என் சாய்வு மாறுகிறது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நிற்காமல் போகும் விமானம் சுமார் 15,300 கிலோமீட்டரை 18 மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்து கடக்கிறது. அவ்வளவு நேரம் ஒரே இருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பதைவிட, பாதி வழியில் இறங்கி, முகம் கழுவி, அரை மணி நடந்துவிட்டு ஏறுவது பலருக்கு உடம்புக்கு நல்லது. மூன்று நான்கு மணி நேரப் பயணத்தில் நிலைமை நேர்மாறு: அங்கே ஓர் இணைப்பு பயணத்தையே இரட்டிப்பாக்கிவிடும், மிச்சமாகும் தொகையும் சிறியதாகவே இருக்கும். நாட்டின் பெரிய நகரத்துக்கு நேரடி விமானத்தில் போய் இறங்கி, கடைசிப் பகுதியை ரயிலில் முடிக்க முடியுமா என்றும் ஒருமுறை பாருங்கள்.

ஒரு குறுக்குவழியைப் பற்றி எச்சரித்தாக வேண்டும். இணைப்பு விமானம் மலிவாக இருப்பதால், இடையில் உள்ள ஊருக்குப் போக விரும்புகிறவர்கள் முழுச் சீட்டையும் வாங்கி, பாதியிலேயே இறங்கிவிடுவதுண்டு. நிறுவனங்களின் விதிகள் இதை அனுமதிப்பதில்லை. அனுப்பிய பெட்டி கடைசி ஊருக்குப் போய்விடும். ஒரு பகுதியில் ஏறாவிட்டால் மீதிப் பகுதிகளை முறைமை ரத்துச் செய்துவிடும் என்பதால் திரும்பும் பயணமும் போய்விடும்.

வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

தேடுதளத்தில் கண்டுபிடித்து, நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குவதே என் பழக்கம். அறிமுகமில்லாத முகவர் தளம் சிறிதளவு குறைவாகக் காட்டினாலும், விமானம் ரத்தாகும்போது நிறுவனம் ‘முகவரைக் கேளுங்கள்’ என்றும், முகவர் ‘நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்’ என்றும் சொல்லிக்கொண்டிருக்கும் நாள்களுக்கு அந்த மிச்சம் ஈடாகாது. அமெரிக்காவுக்கு வரும், அங்கிருந்து புறப்படும் பயணங்களை, புறப்பாட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக நிறுவனத்திடமே நேரடியாகப் பதிவு செய்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்துச் செய்யவோ, பணம் கட்டாமல் அதே விலையை 24 மணி நேரம் நிறுத்திவைக்கவோ அந்நாட்டு விதி இடமளிக்கிறது. இவ்விரண்டில் ஒன்றை நிறுவனம் தந்தாக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் விமானங்களுக்கு 261/2004 என்ற விதி உண்டு. நிறுவனத்தின் பொறுப்புக்குட்பட்ட காரணத்தால் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோவரை இழப்பீடு கேட்கலாம். இங்கும் அதே பழைய கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது: ஒரே முன்பதிவாக இருந்தால் கடைசி ஊரைச் சேரும் நேரமே கணக்கு; தனிச் சீட்டுகளாக இருந்தால், மேலே சொன்ன என் பயணத்தைப்போல முதல் விமானம் 50 நிமிடமே தாமதம், எனவே ஒன்றும் கிடைக்காது.

சீட்டு வாங்கிய பிறகு நேர அட்டவணை மாறுவது சாதாரணம். மாதம் ஒருமுறையாவது முன்பதிவைத் திறந்து, இணைப்பு இடைவெளி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் ஒரே சீட்டுக்காரர்களுக்குக் கட்டணமின்றி வேறு விமானம் மாற்றித் தருவது வழக்கம். புறப்படும் நாளன்று செக்-இன் கவுன்ட்டரில் பெட்டியின் கைப்பிடியில் நீளமான தாளைச் சுற்றி ஒட்டுவார்கள். பெட்டி நகர்ந்துபோகுமுன் குனிந்து அதைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் மூன்றெழுத்துக் குறி உங்கள் கடைசி ஊரினுடையதா, இடைவழி ஊரினுடையதா என்று பார்த்து, இடைவழி ஊராக இருந்தால் அங்கேயே, அப்போதே காரணம் கேளுங்கள். பிறகு உங்களிடம் தரும் சிறிய துண்டைக் கடவுச்சீட்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டு உள்ளே போங்கள்.